எட்டாத இடத்துக்கு ஒரு சொட்டு

மட்டாஞ்சேரியில் எண்ணெய்க்குப் பஞ்சமே கிடையாது. கொச்சி எண்ணெய் வியாபாரிகள் சங்கம் இருப்பது இங்கேதான். பத்திரிகைகளின் வர்த்தகப் பக்கத்தில் தேங்காய் எண்ணெய்க்குக் 'கொச்சி விலை' என்று போடுகிறார்களே, அந்த விலைக்குப் பின்னால் இருக்கும் சந்தை இது. யூதத் தெருவிலும் பஜார் சாலையிலும் நடந்தால் மிளகு, சுக்கு, கொப்பரை என்று வாசனை மாறி மாறி வரும். பீப்பாய் பீப்பாயாக எண்ணெய் கைமாறிய ஊர். அப்படிப்பட்ட ஊரின் நடுவில் ஒரு கடிகாரம் பல பத்தாண்டுகள் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

எண்ணெய் பீப்பாயில் இருப்பது வேறு, இரும்புக்குள் போய்ச் சேருவது வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கருவி வேண்டும். நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குப்பி. பட்டறையில் அதற்குப் பெயர் 'ஆயில் கேன்'. கருவியைவிட முக்கியமாக, அதை எடுத்துக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும்.

எந்தத் தையல்காரரின் மேஜை இழுப்பறையைத் திறந்தாலும் பாபினுக்கும் சுண்ணாம்புக் கட்டிக்கும் நடுவே பிசுக்கேறிய தகரக் குப்பி ஒன்று கிடக்கும். அடியில் லேசாகப் புடைத்த மெல்லிய தகடு. மேலே கூம்பாக ஒரு மூக்கு. குப்பியைக் கவிழ்த்துப் பிடித்துக் கட்டைவிரலால் அடித்தகட்டை அழுத்தினால் 'டொக்'கென்று உள்ளே போகும். மூக்கு நுனியில் ஒரு சொட்டு வரும். விரலை எடுத்தால் தகடு மறுபடி 'டொக்'கென்று பழைய நிலைக்கு வரும்; நுனியில் தொங்கும் மிச்ச எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். மொத்த வித்தையும் இவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், பழுது பார்க்க ஆள் வேண்டாம். துணியில் கறை படாமல், ஊசித் தண்டின் பின்னால் விரல் நுழையாத இடத்துக்குச் சரியாக ஒரு சொட்டு.

இதற்குப் பெரிய அண்ணன்களும் உண்டு. ரயில் இன்ஜின் டிரைவர் வைத்திருந்த குப்பிக்கு முழ நீள மூக்கு. பட்டறைக் குப்பியில் துப்பாக்கிக் குதிரை போல ஒரு நெம்பு இருக்கும். அதை அமுக்கினால் உள்ளே இருக்கும் குட்டி பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். குப்பியை எந்தக் கோணத்தில் பிடித்தாலும் எண்ணெய் வரும். சிலவற்றில் மூக்கே வளைந்து கொடுக்கும். குடும்பத்தின் கடைக்குட்டி, கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரின் கையில் இருப்பது. அது குப்பிகூட அல்ல. நுனி தட்டையாக்கப்பட்ட ஊசி. எண்ணெயில் தொட்டு எடுத்தால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு துளி ஒட்டிக்கொள்ளும். அந்தத் துளி போதும்.

ஏன் போதும்? ஒன்றின் மேல் ஒன்று உராயும் இரு உலோகப் பரப்புகள் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும், உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். மேடுகள் மோதும்போது சூடு பிறக்கிறது, துகள் உதிர்கிறது. உதிர்ந்த துகள் அரம் போல மேலும் அறுக்கிறது. நடுவே தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் புகுந்துவிட்டால் இரும்பை இரும்பு தொடுவதே இல்லை. இரண்டும் எண்ணெயின் மேல் மிதக்கின்றன.

இந்த மிதக்கும் விஷயம் தற்செயலாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 1883ல் பியூசாம்ப் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், ரயில் அச்சின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போகவில்லை. துளை வழியாக மேலே ஏறி வந்தது. அடைப்பானை வைத்தார். எண்ணெய் அதையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. சுழலும் அச்சு தானே எண்ணெயை இழுத்துக்கொண்டு போய், பாரம் அழுத்தும் இடத்தில் பெரிய அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது அப்போது புரிந்தது. 1886ல் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் இதைக் கணக்காக எழுதிக் காட்டினார். இன்றைய மசகு அறிவியலின் அஸ்திவாரம் அது. குப்பி பிடிக்கும் கைக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. எவ்வளவு எண்ணெய் விடுகிறோம் என்பதல்ல கேள்வி. எந்த இடத்தில் விடுகிறோம் என்பதே.

மட்டாஞ்சேரிக் கடிகாரத்துக்கு வருவோம். பரதேசி யூதர்களின் ஜெபாலயம் 1568ல் கட்டப்பட்டது. அதன் அருகே உள்ள மணிக்கூண்டு 1760ல் எழுந்தது. எழுப்பியவர் எசக்கியேல் ரஹபி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கொச்சியில் மிளகு வணிகம் பேசி முடித்த பெரும் வியாபாரி. ஜெபாலயத்தின் தரையில் பதித்திருக்கும் நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகளும் அவர் காலத்தில் வந்தவையே. மணிக்கூண்டின் உயரம் சுமார் 45 அடி. கடிகார முகங்களில் ஒன்றில் ரோமன் எண்கள், ஒன்றில் ஹீப்ரு எழுத்துகள், அரண்மனைப் பக்கம் பார்க்கும் முகத்தில் மலையாள எண்கள். பழைய தமிழ் எண்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த மலையாள எண்கள் அதிகம் அந்நியமாக இருக்காது. தொழுகைக்கு வருபவருக்கு ஒரு முகம், அரசருக்கு ஒரு முகம், கப்பல் வியாபாரிக்கு ஒரு முகம். எல்லா முகங்களுக்கும் பின்னால் வேண்டியதோ ஒரே அக்கறை.

மணிக்கூண்டுக் கடிகாரம் வீட்டுச் சுவர்க் கடிகாரம் போல அல்ல. அதன் முள்ளைக் காற்று தள்ளும், மழை நனைக்கும், பறவை உட்காரும். கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மழை இல்லாத நாளில் காயலிலிருந்து வரும் உப்புக் காற்று. உப்பு இரும்பை அரிக்கும். தூசி எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகும். காய்ந்த எண்ணெய் பிசின் போல இறுகும். ஆகவே குறிப்பிட்ட நாளில் ஒருவர் படியேறிப் போய்ச் சாவி கொடுத்தாக வேண்டும். கையோடு குப்பியும் துணியும் கொண்டுபோக வேண்டும். பழைய எண்ணெயைத் துடைத்தெடுத்த பிறகுதான் புதிய எண்ணெய்.

எண்ணெய் விடுவதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. சக்கரங்களின் அச்சு நுனிகள் தகட்டில் நுழையும் துளைகளுக்கு ஒரு சொட்டு. ஊசலின் தாளத்துக்கு ஏற்ப ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் நங்கூர வடிவப் பகுதியின் முகத்துக்கு மிகச் சிறிதளவு. சக்கரப் பற்களுக்குக் கிடையாது. பற்களில் எண்ணெய் விட்டால் அங்கே தூசி உட்கார்ந்து, அந்தத் தூசியே அரமாகிப் பற்களைத் தின்றுவிடும். 'நிறைய விட்டால் நிறைய நல்லது' என்று நினைப்பவர் கடிகாரத்தின் விரோதி. நீண்ட மூக்குக் குப்பியின் பெருமை எட்டாத இடத்துக்குப் போவதில் மட்டும் இல்லை. போகக் கூடாத இடத்தைத் தொடாமல் போவதிலும் இருக்கிறது.

கொச்சியில் ரஹபி மணிக்கூண்டு எழுப்பிய அதே காலத்தில், எண்ணெயையே நம்பாத ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். தச்சராகத் தொழில் தொடங்கிய ஜான் ஹாரிசன். நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணக்கிட உதவும் கடிகாரத்தைச் செய்தவர். அவருடைய புகழ்பெற்ற நான்காவது கடிகாரம் 1761ல் கப்பலேறியது. அந்தக் காலத்து எண்ணெய், விலங்குக் கொழுப்பிலிருந்தும் தாவரங்களிலிருந்தும் வந்தது. குளிரில் கெட்டியாகும், வெயிலில் இளகும், நாளாவட்டத்தில் பிசினாகும். எண்ணெயோடு கடிகாரத்தின் வேகமும் மாறிவிடும். எனவே ஹாரிசன் 1720களின் தொடக்கத்தில் பிராக்கிள்ஸ்பி பார்க் என்ற பண்ணையின் லாயத்துக்குச் செய்த கடிகாரத்தில், இயல்பாகவே பிசுபிசுப்புள்ள லிக்னம் வீட்டே என்ற கடினமான மரத்தை அச்சுத் துளைகளுக்குப் பயன்படுத்தினார். எண்ணெய் விடவே வேண்டாம். எல்லோருக்கும் ஹாரிசன் கிடைக்க மாட்டார் என்பதால் உலகம் எண்ணெய்க் குப்பியோடுதான் வாழ வேண்டியிருந்தது.

எந்த எண்ணெய் என்பதும் லேசான கேள்வி இல்லை. தேங்காய் எண்ணெய் புழங்கும் வீட்டில் கதவுக் கீல் முதல் தையல் மெஷின் வரை அதையே விடுவது வழக்கம். அன்றைக்குச் சத்தம் நிற்கும். ஆனால் தேங்காய் எண்ணெய் சுமார் 24, 25 டிகிரியிலேயே உறைய ஆரம்பித்துவிடும். கொச்சியில் தப்பித்தாலும் பெங்களூரிலும் டெல்லியிலும் மார்கழிக் காலையில் மெஷின் மிதி கல்லாகக் கனப்பதற்கு அதுவே காரணம். நாளானால் காற்றுப் பட்டுப் பிசுக்காகும். அதன்மேல் எவ்வளவு நல்ல எண்ணெய் விட்டாலும் பழைய பிசுக்கைத் தாண்டி உள்ளே போகாது. தையல்காரர்கள் முதலில் மண்ணெண்ணெய் விட்டு ஓட்டி அழுக்கைக் கரைத்துத் துடைத்த பிறகு மெல்லிய மெஷின் ஆயில் விடுவது அனுபவம் சொல்லிக்கொடுத்த பாடம்.

தேங்காய் எண்ணெயை இயந்திரத்துக்கு லாயக்கில்லாதது என்று ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் முடியாது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் காலத்தில் கேரளத்து ஆட்டோ டிரைவர்களில் பலர் பெட்ரோலோடு கலக்கும் எண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயை ஊற்றி ஓட்டினார்கள். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விட்டுவிடாமல் பரிசோதித்தார்கள். 2006லும் 2007லும் சர்வதேச ஆய்விதழில் கட்டுரைகள் வந்தன. உராய்வைக் குறைப்பதில் தேங்காய் எண்ணெய் கெட்டிக்காரன். தேய்மானத்தைத் தடுப்பதிலும் குளிரைத் தாங்குவதிலும் துணைப் பொருட்களின் உதவி தேவை என்பது அவற்றின் சாரம். ஆட்டோ ஸ்டாண்டின் கைவைத்தியம் ஆய்வுக்கூடம் வரை போனது மட்டாஞ்சேரியின் பக்கத்தில்தான்.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு: மசகு. மாட்டு வண்டி அச்சுக்குப் போடும் மை. வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்வார்கள். இந்தியத் தமிழில் 'மசகு எண்ணெய்' என்றால் இயந்திரத்துக்கு விடும் எண்ணெய். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளிலோ அதே சொல்லுக்குக் கச்சா எண்ணெய் என்று பொருள். கடல் தாண்டினால் அர்த்தமும் வழுக்கிவிடுகிறது.

வண்டிக்காரர் தன் வண்டிக்குத் தானே மசகு போட்டார். இயந்திரம் பெரிதானபோது, எண்ணெய் விடுவதற்கென்றே தனி ஆள் தேவைப்பட்டார். நீராவிக் கப்பல்களில் வேலை பார்த்த இந்தியக் கடலோடிகளிடையே ஸெராங், டிண்டல் என்ற பதவிகளோடு 'தேல்வாலா' என்று ஒரு வேலை இருந்தது. எண்ணெய்க்காரர். இன்ஜின் அறையின் புழுக்கத்தில், மேலும் கீழும் போய்வரும் ராட்சதத் தண்டுகளுக்கு நடுவே நின்று, அவற்றின் தாளத்தைக் கவனித்து, சரியான கணத்தில் குப்பி மூக்கை நீட்டிச் சொட்டு விட்டுக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். அச்சு சூடாகிறதா என்று ஓடும்போதே உள்ளங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கணம் பிசகினால் கை போய்விடும். கப்பல் கொச்சிக்கு வந்து சேர்ந்ததென்றால் மாலுமியின் திசைகாட்டியால் மட்டும் வந்ததல்ல.

ரயிலிலும் இதே கதை. வண்டி நின்றதும் நீள மூக்குக் குப்பியோடு இறங்கி இன்ஜினைச் சுற்றி வரும் டிரைவரை நீராவி இன்ஜின் காலத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் இப்படி எண்ணெய் விடும் வேலையில் இருந்த ஒருவர்தான் அந்த வேலையையே மாற்றினார். எலைஜா மெக்காய். அடிமைத்தனத்திலிருந்து தப்பிக் கனடாவுக்கு ஓடிய கறுப்பினத் தம்பதியின் மகன். ஸ்காட்லாந்துக்குப் போய்ப் பொறியியல் பயின்று திரும்பினார். ஆனால் மிஷிகன் சென்ட்ரல் ரயில்வே அவருக்குக் கொடுத்தது கரி அள்ளிப் போட்டு எண்ணெய் விடும் வேலை. எண்ணெய்க்காகவே வண்டியை நிறுத்த வேண்டியிருக்கிறதே என்று யோசித்து, ஓடும்போதே நீராவி உருளைக்குள் சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறக்கும் கிண்ணத்தைச் செய்து 1872ல் காப்புரிமை வாங்கினார். படித்த பொறியாளருக்கு நிறத்தைப் பார்த்து எண்ணெய்க் குப்பியைக் கொடுத்தார்கள். அவர் அந்தக் குப்பியிலிருந்தே தன் பெயரை வரலாற்றில் எழுதிக்கொண்டார்.

எல்லோரும் மெக்காய் ஆக முடியவில்லை. பஞ்சாலைகளில் கூரைக்குக் கீழே ஓடிய நீண்ட தண்டு ஒன்று, தோல் பெல்ட்டுகள் வழியாக டஜன் கணக்கான மெஷின்களைச் சுழற்றிய காலம் உண்டு. அந்தத் தண்டின் பேரிங்குகளுக்கு எண்ணெய் விட ஏணி போட்டு ஏற வேண்டும். தண்டை நிறுத்தினால் மொத்த ஆலையும் நிற்கும். ஆகவே ஓடும்போதே வேலை. வேட்டி நுனி, துண்டு, சட்டைக் கை என்று எது பெல்ட்டில் சிக்கினாலும் ஆள் உள்ளே போய்விடுவார்.

இந்த ஆபத்தைச் சட்டமே ஒப்புக்கொண்டது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22வது பிரிவு, ஓடும் இயந்திரத்துக்கு எண்ணெய் விடுவதைப் பற்றித் தனியாகப் பேசியது. அதற்கென்று விசேஷப் பயிற்சி பெற்ற வயது வந்த ஆண் தொழிலாளிதான் அதைச் செய்யலாம். அவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். உடலோடு ஒட்டிய உடையை நிர்வாகமே கொடுக்க வேண்டும். ஓடும் இயந்திரத்தின் விசை கடத்தும் பாகங்களுக்குப் பெண்களும் இளம் வயதினரும் எண்ணெய் விடக் கூடாது. ஒரு சொட்டு எண்ணெய்க்கு இவ்வளவு விதிகள். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் எங்கேயோ ஒரு கை போயிருக்கிறது என்பதைத் தொழிலாளர் சட்டம் படித்தவர்கள் அறிவார்கள். குப்பி மூக்கு ஒவ்வொரு அங்குலம் நீளும்போதும், சுழலும் பெல்ட்டுக்கும் மனிதக் கைக்கும் இடையே ஒரு அங்குலம் கூடுகிறது. பெரிய கம்பெனிகளில் பாதுகாப்பு வாரம் கொண்டாடுகிறார்கள், பேட்ஜ் குத்துகிறார்கள். சின்னப் பட்டறைகளில் இன்னும் சைக்கிள் ஸ்போக்கை வளைத்து எண்ணெயில் தோய்த்து, ஓடும் மெஷினுக்குள் விடும் பையன்களைப் பார்க்கலாம்.

அடுத்த மாற்றம் முதல் உலகப் போர் ஆண்டுகளில் சிகாகோவில் வந்தது. ஆர்தர் குல்போர்க் என்பவர், எண்ணெய்க்குப் பதில் கெட்டியான கிரீஸை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தும் கருவியைச் செய்தார். நம் ஊர் மெக்கானிக் ஷெட்டில் 'கிரீஸ் கன்' என்று சொல்வது அதைத்தான். பின்னர் ஆஸ்கர் ஸெர்க் அதற்கேற்ற சின்ன முலைக்காம்பு போன்ற வாயைச் செம்மைப்படுத்தி 1929ல் காப்புரிமை பெற்றார். இதுதான் 'நிப்பிள்'. உள்ளே ஒரு குண்டு. கிரீஸ் போகும்போது வழிவிடும், போனதும் மூடிக்கொள்ளும். தூசி நுழையாது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரித் தொழில் வளர்ந்ததற்குக் காரணம் சொல்பவர்கள் பாடி கட்டும் பட்டறையைச் சொல்வார்கள், ஃபைனான்ஸைச் சொல்வார்கள். லாரிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து ஒவ்வொரு நிப்பிளாகத் தேடிக் கிரீஸ் ஏற்றும் கிளீனரை யாரும் சொல்வதில்லை. ஒரே ஒரு நிப்பிளை அவர் மறந்தால் ஸ்டியரிங் கனக்கும். மறந்துகொண்டே இருந்தால் நெடுஞ்சாலையில் விலை கொடுக்க நேரிடும்.

இப்போது வரும் சாதனங்களில் எண்ணெய் விடும் துளையே இருப்பதில்லை. பழைய மேஜை விசிறியின் முதுகில் ஒரு சிறிய துளை இருக்கும். கோடைக்கு முன்னால் இரண்டு சொட்டு விடுவது வீட்டு வழக்கம். இன்றைய பேரிங்கைத் தொழிற்சாலையிலேயே கிரீஸ் அடைத்து மூடிவிடுகிறார்கள். 'ஆயுளுக்கும் பராமரிப்பு வேண்டாம்' என்று விளம்பரம். யாருடைய ஆயுள்? பேரிங்கின் ஆயுள். அது முடிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டும். வசதிதான், சந்தேகமில்லை, கைகள் பெல்ட்டுக்குத் தப்பியதும் இதனால்தான். ஆனால் எண்ணெய் விடும் பழக்கம் போனதோடு, பொருளைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கமும் போய்விட்டது. கிறீச்சென்ற சத்தம் ஒரு காலத்தில் 'எண்ணெய் விடு' என்றது. இப்போது அது 'புதிது வாங்கு' என்கிறது.

வீட்டு விசிறியை மாற்றிவிடலாம். பாலத்தை? மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் தோப்பும்படியையும் வெலிங்டன் தீவையும் இணைக்கும் பழைய பாலம், ராபர்ட் பிரிஸ்டோவின் துறைமுகத் திட்டத்தோடு பிறந்தது. படகுகள் போக வழிவிடும் வகையில் அதன் நடுப்பகுதியைத் தூக்கக்கூடியதாக அமைத்திருந்தார்கள். அப்படித் தூக்கும் வழக்கம் பிறகு நின்றுபோனது. அசையப் பிறந்த இரும்பு அசையாமல் இருந்தால், எண்ணெய் விட யாருக்கும் காரணம் இருக்காது. எண்ணெய் விடாவிட்டால், அசைக்க நினைத்தாலும் முடியாது. ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும் சுழல் இது.

இதற்கு எதிர் உதாரணம் பாம்பன். 1914ல் திறக்கப்பட்ட அந்த ரயில் பாலத்தின் தூக்கும் பகுதியை ஆட்கள் கையால் நெம்பித்தான் திறந்தார்கள். 1964 டிசம்பர் புயல் பாலத்தின் பெரும்பகுதியைப் பிய்த்தெறிந்தபோதும் அந்தப் பகுதி நின்றது. உலகத்திலேயே இரும்பை மிக வேகமாக அரிக்கும் கடற்காற்றுள்ள இடங்களில் ஒன்று பாம்பன். அங்கே ஒரு நூற்றாண்டுக்கு மேல் பல் சக்கரங்கள் சுழன்றன என்றால், சுரண்டி, வண்ணம் பூசி, கிரீஸ் தடவிய கைகள் ஓயவில்லை என்று அர்த்தம். கடைசியில் 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. திறப்பு விழாவுக்குப் பிரதமர் வந்தார். நூறு ஆண்டு கிரீஸ் தடவியவர்களுக்கு எந்த மேடையும் போடப்பட்டதில்லை. அது அவர்கள் எதிர்பார்த்ததும் இல்லை.

மட்டாஞ்சேரி மணிக்கூண்டுக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. 1990களின் இறுதியில், நியூயார்க்கைத் தலைமையகமாகக் கொண்ட உலக நினைவுச்சின்ன நிதியம் அதைப் புதுப்பிக்க முன்வந்தது. சிதைந்த கட்டுமானம் சீரானது. கடிகார முகங்கள் மறுபடி எழுந்தன. வெளிநாட்டு நிதி, நிபுணர்கள், முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்கள் என்று செய்ய வேண்டியதை முறையாகச் செய்தார்கள். பாராட்ட வேண்டிய வேலை.

கேள்வி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. புதுப்பிக்க நிதி கிடைக்கும். எண்ணெய் விட நிதி கிடைக்காது. புதுப்பித்தல் ஒரு நிகழ்ச்சி. அதற்கு ரிப்பன் உண்டு, கல்வெட்டு உண்டு, அறிக்கை உண்டு. எண்ணெய் விடுவது நிகழ்ச்சி அல்ல. வாரா வாரம் படியேறி இறங்கும் வேலை. ஒழுங்காக நடந்தால் எதுவும் நடந்ததாகவே தெரியாது. தெரியாத வேலைக்கு எந்த அரசாங்கமும் எந்த அறக்கட்டளையும் மனமுவந்து பணம் ஒதுக்குவதில்லை. நம் அரசு மருத்துவமனைகளில் உறை பிரிக்காமலும், உறை பிரித்துப் பழுதாகியும் கிடக்கும் கருவிகள், பேருந்து நிலையங்களில் நின்றுபோன கடிகாரங்கள், கிராமத்து மேல்நிலைத் தொட்டியின் திருக முடியாத வால்வுகள் எல்லாம் இதே கணக்கில்தான் வருகின்றன. வாங்கியதற்கு ரசீது இருக்கிறது. எண்ணெய் விட்டதற்குப் பதிவேடு இல்லை.

யூதத் தெருவில் அந்தப் பொறுப்பு ஒரு காலத்தில் ஒரு சமூகத்தின் கையில் இருந்தது. ஓய்வுநாள் எப்போது தொடங்குகிறது, தொழுகை எப்போது என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். கடிகாரம் அவர்களுக்கு அலங்காரம் அல்ல, தேவை. 1948ல் இஸ்ரேல் உருவான பிறகு பெரும்பாலோர் கப்பலேறினார்கள். வயதானவர்கள் மிஞ்சினார்கள், பிறகு அவர்களும் ஒவ்வொருவராக மறைந்தார்கள். இன்று அந்தத் தெருவில் பரதேசி யூதர்கள் என்று சொல்ல மிகச் சிலரே. கடைகளில் பழம்பொருளும் மசாலாவும் வாங்க வரும் கூட்டம் மணிக்கூண்டைப் படம் எடுத்துக்கொள்கிறது. நேரம் பார்க்க எல்லோரிடமும் செல்போன் இருக்கிறது.

ஒரு கடிகாரம் நிற்பதற்கு உதிரிபாகம் இல்லாததும், பணம் இல்லாததும் காரணமாக இருக்கலாம். ஆனால் அதற்கெல்லாம் முன்பே, 'இந்த வாரம் யார் மேலே ஏறுவது?' என்ற கேள்விக்கு ஒரு பெயர் இல்லாமல் போய்விடுகிறது. கட்டைவிரல் இல்லாத ஊரில் எண்ணெய்க் குப்பியால் பிரயோஜனம் இல்லை.

அதனால் புராதனச் சின்னங்களுக்கும், புது இயந்திரங்களுக்கும் திட்டம் போடுகிறவர்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் நல்லது: ஒரு குப்பி, அரை லிட்டர் எண்ணெய், துடைக்கத் துணி, மாதச் சம்பளத்துக்கு ஒரு ஆள், அவர் கையெழுத்துப் போட ஒரு நோட்டு. மொத்தத் திட்டச் செலவில் அது பைசாவுக்குப் பெறாது. வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்த வாரம் ஒரு வேலை உண்டு. தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து அந்தப் பிசுக்கேறிய குப்பியை எடுத்துப் பாருங்கள். அடித்தகட்டை அழுத்தினால் இன்னும் 'டொக்'கென்று சத்தம் வருகிறதா, உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று.